கடைசிப் புள்ளி

சாரல் தொடங்கிய ஆனியில், குற்றாலத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட என் அக்காவுக்குத் துணையாகத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் நினைவில்லாமல் கிடந்தார். அவர் கணவர் சிவகிரிப் பக்கத்துக் கணக்கு வாத்தியார். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் சீவிய பென்சில்.

கட்டிலில் தொங்கிய காய்ச்சல் வரைபடத்தை அவர் அடிக்கடி கையில் எடுப்பார். கோட்டின் இரண்டு நுனியிலும் விரலை வைத்து, நேர்கீழே தேதி வரிசைக்கு இறக்குவார்.

“என்ன சார் பாக்குதீய?” என்றேன்.

“மதிப்பகம், அண்ணாச்சி. கோடு எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும் இருக்குன்னு. வகுப்புல பயலுவ தாள் முடியுத வரைக்கும் எழுதி வைப்பானுவ. கோடு நிக்குத இடத்தோட மதிப்பகமும் நின்னுரும்லா.”

கடைசிப் புள்ளி அன்றைய தேதியின் மேல் இருந்தது.

“டாக்டர் என்ன சொல்லுதாரு?”

“வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுதாரு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “நுனியில அம்புக்குறி போட்டா கோடு இன்னும் போகுதுன்னுதான அர்த்தம்? போட்டுருங்க சார்.”

அவர் சிரித்தார். “கோடு மேல போகுதான்னு தெரியாம அம்பு போட்ட பயலுக்கு நான் முட்டைல்லா போடுவேன்.”

மறுநாள் விடியலில் நான் வார்டுக்குத் திரும்பியபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. அந்த அம்மா இரவே இறந்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். வரைபடம் மட்டும் அங்கேயே தொங்கியது. கடைசிப் புள்ளியிலிருந்து வலப்பக்கமாக, பென்சிலில் ஒரு சிறிய அம்புக்குறி.

எல்லாவற்றுக்கும் நாளும் நேரமும் குறித்துவைப்பவன் நான். அவர் அதை வரைந்தது மனைவி இறப்பதற்கு முன்பா பின்பா என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.