காக்கை வரும்வரை

வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோறு. அதைப் பார்த்து நடுங்கியதுபோல் நான் வேறு எதைப் பார்த்தும் நடுங்கியதில்லை. மலாய் நாட்டில் அவசரகாலம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்து லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோனால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுக்கத்தான் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, என் அண்ணன் மனைவி அந்தச் சோற்றைப் புடவை மடிப்புக்குள் ஒளித்து, லிங்கி ஆற்று முகத்துவாரம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

அண்ணியின் அப்பா அங்கேதான் படகு கவிழ்ந்து போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு அந்த இடத்திலேயே சோறு வைத்தால்தான் அவருக்குப் போய்ச் சேரும் என்பது அவள் பிடிவாதம். என்னிடம் சொன்னதோ, "சொந்தக்காரவங்கள பாத்துட்டு, சம்பான் படகுல ஒரு சுத்து சுத்திட்டு வந்துரலாம் புள்ள" என்பதுதான். அண்ணியின் பால்குடி மறக்காத பிள்ளையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். மாதக்கணக்கில் வேலிக்குள்ளேயே கிடந்த எனக்கு, அந்தத் தண்ணீரைக் கண்டதும் நெஞ்சே விரிந்துபோனது. கண்டல் மரங்களுக்கு நடுவே சொந்தக்காரர்களிடம் வாங்கிய படகைத் துடுப்புச் சத்தமே கேட்காமல் விட்டாள் அண்ணி. குளம்போல் தண்ணீர் அகன்ற இடத்தில் நிறுத்தி, ஒரு வேரின் மேல் இலையை விரித்துச் சோற்றை வைத்தாள். அப்போதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணி!" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, போலீஸ் படகு வந்துவிட்டது.

மலாய்க்கார சார்ஜன் ஒருவர், துப்பாக்கியோடு இரண்டு பேர். சோறு யாருக்கு என்று சார்ஜன் கேட்டார். "பாப்பா சாயா சுடா மாத்தி, துவான். காகாக் மாக்கான்" என்றாள் அண்ணி, தனக்குத் தெரிந்த மலாயில். அப்பா செத்துவிட்டார் ஐயா, இதைக் காக்கை சாப்பிடும் என்கிறாள். அவர் நம்பவில்லை. ஆனாலும் நல்ல மனிதர், உடனே இழுத்துக்கொண்டு போகவில்லை. "துங்கு" என்றார். காத்திருந்து பார்ப்போம், காக்கை வராவிட்டால் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். இரண்டு படகுகளும் மரநிழலில் ஒதுங்கின.

நாங்கள் அடங்கியதும் காட்டிலிருந்த சீவன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சேற்றுமீன்கள் வேர்களின் மேல் தத்தித் தத்தி ஏறின. நீல மீன்கொத்தி ஒன்று எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று குட்டிகளோடு நீந்திப் போனது. இப்போதெல்லாம் இவற்றைப் பார்க்கவென்றே காமிராவும் கையுமாக ஆட்கள் வருகிறார்கள். எனக்கோ அன்று பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் இருக்கிற எல்லாம் வருகிறது, பாழாய்ப்போன காக்கையை மட்டும் காணோமே! தண்ணீர் வேறு ஏறிக்கொண்டே வந்து இலையைத் தொடப் பார்த்தது. பால் கட்டி அண்ணியின் ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். சார்ஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய உடும்பு ஒன்று சோற்றை நோக்கி நீந்தி வந்தபோது, போலீஸ்காரர்களில் ஒருவர் தாமாகவே துடுப்பால் தண்ணீரை அடித்து அதை விரட்டினார். அவர்களும் காக்கைக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"கா... கா..." என்று அண்ணி கூப்பிட்டாள். குரல் எழும்பவே இல்லை. மறுபடி கூப்பிட்டாள். அடுத்த படகிலிருந்தும் ஒரு "கா" கேட்டது. கூப்பிட்டவர் சார்ஜன்.

ஆற்றுப் பக்கமிருந்து அது வந்தது. கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவசரமே இல்லாமல் இறங்கி, ஒரு வாய் எடுத்தது. சார்ஜன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் படகைத் திருப்பச் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணி அழவில்லை. விரலைக் காக்கையை நோக்கி நீட்டி, சண்டைக்கே போய்விட்டாள்.

"இம்புட்டு நேரம் எங்கதான் போயிருந்தப்பா? கைப்புள்ளக்காரிய இப்படியா தவிக்க விடுவ?"