வானம் பார்த்த பீரோ

“வானத்தைப் பாத்துப் பொழைக்கக் கூடாதுன்னுதானே நிலத்தை விட்டுட்டு வந்தேன். இங்கயும் அதே பொழப்பாப் போச்சே.”

அப்பா இதைச் சொல்லாத நாள் கிடையாது. பல் தேய்க்கும்போது சொன்னால் பாதி நுரையோடு போய்விடும். சாப்பிடும்போது சொன்னால், ‘போச்சே’வுக்கு முன்னால் ஒரு கவளம் உள்ளே போகும். வெல்டிங் சத்தத்துக்கு மேலே கத்தினால் கடைசி வார்த்தை மட்டும் தெருவுக்குக் கேட்கும். எதிர்ச்சாரித் தையல்காரர் தலையைத் தூக்காமலே, “என்னய்யா போச்சு?” என்பார். இந்த மூன்றையும் நான் பேசிக் காட்டுவேன். ஒருநாள் மாடிப்படியில் நின்று அப்பா குரலில், “தகட்டை நேரா வைப்பா” என்றேன். வெல்டர் முகமூடியைக் கழற்றாமலே, “சரிங்க முதலாளி” என்று நேராக வைத்தார்.

அப்பா பீரோ செய்கிறவர். கீழே பட்டறை, மேலே வீடு. தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்து, கதவில் கண்ணாடி பதித்து அனுப்புவார்கள். கதவு ‘டமார்’ என்று சாத்தினால் அந்தப் பீரோ பட்டறையைத் தாண்டாது. ‘தும்’ என்று சாத்த வேண்டும்.

“பெரிய மனுஷன் வாயை மூடுற மாதிரி மூடணும்” என்பார் அப்பா.

“அப்படி ஒருத்தரை இந்த வீட்டுல நான் பாத்ததில்லையே” என்பாள் அம்மா.

அப்பாவும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அவர்கள் நிலம் வானம் பார்த்த பூமி. மழை வந்தால் மக்காச்சோளம், வராவிட்டால் வெறும் வரப்பு. விதைத்தது ஒருமுறை கண்ணெதிரே காய்ந்தபோது, அப்பா கையை உதறிவிட்டு டவுனுக்கு வந்தார். யாரோ ஒருவர் பட்டறையில் பட்டி தேய்க்கத் தொடங்கி, பிறகு தனியாகப் பட்டறை போட்டார். பெரியப்பா நிலத்தோடு நின்றுவிட்டார்.

தப்பித்துவிட்டோம் என்றுதான் அப்பா நினைத்தார். ஆனால் பீரோ வாங்க வந்தவர்கள் எல்லாம் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். அறுவடை முடிந்தால் கல்யாணம் வரும், புதுக்குடித்தனம் வரும், அதன் பின்னாலேயே பீரோவும் வரும். அறுவடை இல்லையென்றால் தெருவே அடங்கிவிடும். பயிர் வாடினால் செய்தியில் சொல்வார்கள். தையல் மெஷின் வாடியதை யார் சொல்கிறார்கள்? அதனால் காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்பு அப்பா நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்.

“முதலாளி, மேல ஏதாச்சும் ஆர்டர் இருக்கா?” என்பார் வெல்டர்.

அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. செய்து முடித்த பீரோக்கள் வாசலில் வரிசையாக நின்றன. போகிறவர் வருகிறவரெல்லாம் அவற்றின் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார்கள். “சீவுறவங்ககிட்டயாவது ஏதாச்சும் வாங்குங்க” என்றாள் அம்மா. அதில் கேலி பாதி, கவலை பாதி. பட்டறையை மூடிவிடுவார்களோ என்று வெல்டர் வேறு இடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார்.

“தம்பி. நிலத்தைக் கேக்கறாங்க. குடோன் கட்டவாம்.”

“அப்புறம்?”

“வித்துட்டு, பணத்தை உன் பட்டறையில போட்டுடறேன். நானும் வந்துடறேன். என்னைப் பங்காளியாச் சேத்துக்க.”

“நான் பொறந்தப்பவே நீ பங்காளிதானேண்ணே” என்று அப்பா சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பட்டறை பிழைத்தது என்று அம்மாவும் மூச்சு விட்டாள். நிலம் இருவர் பேரிலும் இருந்ததால் அப்பா சம்மதமும் வேண்டும். பேசி முடிக்க மறுநாளே எல்லோரும் ஊருக்குப் போனோம்.

பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா முகம் சுருங்கியது. கூடத்தில் அவர் தன் கையால் முதன்முதலில் செய்து அண்ணனுக்குக் கொடுத்த பீரோ நிற்கிறது. துணிமணியெல்லாம் கயிற்றில் தொங்குகிறது.

“நான் செஞ்ச பீரோ குத்துக்கல்லாட்டம் நிக்க, கயித்துல எதுக்குண்ணி துணி?”

“அதைத் திறக்காதீங்க தம்பி” என்று பெரியம்மா சொல்வதற்குள் அப்பா கைப்பிடியைத் திருகிவிட்டார்.

மக்காச்சோளம் சடசடவென்று கொட்டி அவர் கால் இரண்டையும் மூடியது. நகை வைக்கும் லாக்கரில் அடுத்த விதைப்புக்கான விதை இருந்தது.

“என்னண்ணி இது?”

“மூட்டையில வெச்சா எலி விட்டு வெக்கிறதில்ல. துணியைக் கடிச்சா தெச்சுக்கலாம். சோளத்தை எங்க கொண்டுபோய்த் தெக்கிறது?”

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “வெளையறதே கொஞ்சம். அதையும் அறுப்பு சமயத்துல வித்தா வியாபாரி சொல்றதுதான் விலை. கொஞ்ச நாள் வெச்சிருந்து வித்தா நல்லாப் போகும். வைக்க இடம் வேணுமே. இந்த ஊர்ல பாதி வீட்டுல உன் பீரோவுல இதான் இருக்கு. நீ வருத்தப்படுவியேன்னு யாரும் சொல்லல.”

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொட்டியதை இரண்டு கையாலும் அள்ளி உள்ளே போட்டார். கதவைச் சாத்தினார். ‘தும்’ என்றது. எலி நுழைய இடுக்கு இருக்கிறதா என்று கதவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“நிலத்தை விக்க வேண்டாம்ணே.”

“ஏன்டா? நேத்து சரின்ன.”

“நீயும் வந்து பீரோ செஞ்சா அதை யாருண்ணே வாங்கறது? ஊரே வித்துட்டு என் பட்டறைக்கு வந்துட்டா, ஒருத்தர் பீரோவை இன்னொருத்தர் வாங்கிக்க வேண்டியதுதான். எனக்குப் பங்காளி போதும். கிராக்கிதான் பத்தல.”

“பட்டறை முழுகுதேடா.”

“துணி வைக்கிற பீரோதானே முழுகுது. சோளம் வைக்கிற பீரோ செய்யறேன்.”

அம்மா வழிநெடுகப் பேசவில்லை. கையில் வந்த பணத்தைத் தட்டிவிட்ட மனுஷனிடம் என்ன பேசுவது என்று நினைத்திருப்பாள்.

மிச்சமிருந்த தகட்டில் வேலை தொடங்கியது. கண்ணாடி கிடையாது. மேலே கொட்ட ஒரு வாய், கீழே அள்ள ஒரு சின்னக் கதவு, ஈரம் ஏறாமல் உயரமான கால். முதலில் செய்ததில் கீழ்க்கதவு பிடித்துக்கொண்டது. வெல்டர் குனிந்து தட்டிப் பார்த்தபோது படாரென்று திறந்து, சோளம் முழுக்க அவர் சட்டைக்குள் போனது. “முதலாளி, எலிதான் நுழைய முடியாது. ஆளை முழுங்குது” என்றார் அவர். அடுத்தது சரியாக அமைந்தது. அதுவும் ‘தும்’ என்றுதான் சாத்தியது. நன்றாகக் காயவைத்துக் கொட்டச் சொல்லி அப்பா அதைப் பெரியப்பாவுக்கு அனுப்பினார்.

அடுத்த அறுப்பும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பெரியப்பா அவசரப்படாமல் நல்ல விலைக்கு விற்றார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், பிறகு பக்கத்து ஊரில் கேட்டார்கள். வெல்டர் வேறு இடம் பார்ப்பதை விட்டார். கண்ணாடி வைத்த பீரோ இரண்டு இன்னும் வாசலில்தான் நிற்கின்றன, தலை சீவ வசதியாக. அம்மாவும் பேசத் தொடங்கிவிட்டாள், அதுதான் அப்பாவுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

நேற்றுக் காலை மேகம் திரண்டிருந்தது. அப்பா நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சைக்கிள்காரர் மணியடித்து ஓய்ந்துபோய்ச் சுற்றிக்கொண்டு போனார். நான் மாடிப்படியிலிருந்து அப்பா குரலிலேயே, “வானத்தைப் பாத்துப் பொழைக்கக் கூடாதுன்னுதானே” என்று எடுத்துக் கொடுத்தேன். எதிரே தையல்காரர் தலையைத் தூக்காமல், “போச்சா?” என்றார்.

அப்பா கழுத்தை இறக்கவே இல்லை.

“நான் எங்கேம்மா வானத்தைப் பாத்தேன்? என் கிராக்கி வருதான்னு பாக்கறேன். அது மேலேருந்துதான் வரும்னா, நான் என்ன குனிஞ்சா பாக்க முடியும்?”