மார்ச் ஒன்பதா, பத்தொன்பதா?

டோரீன் ஃபோன்டைன் பதினோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நாற்பத்துமூன்று வயதில் துணிந்து நர்சிங் படிக்க வந்தாள். கடைசி வருடப் பயிற்சி கனடாவின் ஸ்டைன்பாக் ஊர் மருத்துவமனையில், நான் நர்ஸாக இருக்கும் வார்டில். ஒவ்வொரு மாத்திரைக்கும் நின்று, பெயர் கேட்டு, பிறந்த தேதி கேட்டு, நோயாளியின் பெயரும் தேதியும் அச்சிட்ட கைப்பட்டையைப் படித்து... "பஸ்ஸ நிறுத்தி, தண்டவாளத்துல ரயில் வருதான்னு பாக்குறியாடி?" என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

பயிற்சியின் நடுவில் மதிப்பிட வந்த ஆகதா பென்னர், வார்டுக்கு ஆள் எடுக்கும் தலைமை நர்ஸ், 'மெதுவு' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுப் போனார். மகராசி! இன்று இறுதி மதிப்பீடு. நான்கு நோயாளிகளின் காலை மருந்தைத் தனியாளாகப் பத்து மணிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். தவறினால் வேலைக்குத் தயாரில்லை என்று அர்த்தம், இன்னொரு வருடம் படிக்க வேண்டியதுதான்.

மூன்று பேர் முடிந்தபோது மணி ஒன்பது ஐம்பது. அடி சக்கை! வாசலில் நின்ற நான் கைதட்டாத குறை. நான்காவது ஆள் ஜேக்கப் ஃப்ரீசன். நேரம் மிச்சமாகட்டும் என்று ஆகதாவே மருந்துத் தாளை அச்செடுத்து நீட்டினார். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி.

"பிறந்த தேதி சொல்லுங்கய்யா."

"மார்ச் ஒம்பது."

தாளில் மார்ச் பத்தொன்பது.

"தூக்கக் கலக்கத்துல சொல்றாரு. மணியப் பாரு டோரீன்," என்றார் ஆகதா.

"நான் ஒண்ணும் தூங்கல!" கிழவர் சீறினார். "இந்த ஊர்ல கல்ல விட்டெறிஞ்சா ஒரு ஃப்ரீசன் மேலதான் விழும். உங்களுக்கு எந்த ஃப்ரீசன் வேணும்?"

டோரீன் கைப்பட்டையைப் படித்தாள். மார்ச் ஒன்பது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"மேடம், இது இவரோட தாள் இல்ல. நான் போட மாட்டேன்."

விடியற்காலையில் அடுத்த அறைக்கு இன்னொரு ஜேக்கப் ஃப்ரீசன் வந்திருந்தார்; அந்தத் தாள் அவருடையது. இவருக்கோ மதியம் அறுவை சிகிச்சை. அந்த ஊசி ஏறியிருந்தால் ரத்தம் நின்றிருக்குமா? சரியான தாளைத் தேடி எடுத்து மருந்து கொடுத்தபோது மணி பத்து பதினான்கு.

ஆகதா படிவத்தில் 'பதினான்கு நிமிடம் தாமதம்' என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பு உங்களோடது!" கத்தியே விட்டேன்.

"தெரியும். அதையும் எழுதத்தான் போறேன்," என்று தன் பெயரிலேயே தவறு அறிக்கையை நிரப்பினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"அப்போ நான்... அடுத்த வருஷமும் இங்க வரணுமா?" என்று கேட்டாள் டோரீன்.

"வரணும்," என்றார் ஆகதா. "சம்பளத்துக்கு."