மூலையில் நின்ற அண்ணாச்சி

லேபர் கேம்ப் குடியிருப்பில் ஃபர்ஸானாவின் போட்டோ ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால் சிரித்துவிட்டுப் போவது வழக்கம். நகரத்தின் ஃபோர்ட் பகுதியில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போய்வந்த பிறகு அவளுக்கு அந்தத் திரையே பிடிக்காமல் போய்விட்டது. அங்கே புகழ்பெற்ற வெளிநாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் பெரிய பெரிய ஆட்களை எல்லாம் இரண்டு பலகைகளுக்கு நடுவே மூலையில் நிறுத்திப் படம் எடுத்திருந்தார். பூச்சாடி இல்லை, சிரிப்பு இல்லை, ஆள் மட்டும்தான். ஃபர்ஸானாவுக்குப் பலகை தேவைப்படவில்லை. திரையைக் கழற்றி பீரோவைச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்தியதும் அவள் கடையே மூலையாகிவிட்டது.

முதலில் மாட்டியவர் பலசரக்குக் கடை சுடலைக்கண்ணன் அண்ணாச்சி. சங்க ஆண்டுவிழா பேனருக்கு அவர் படம் வேண்டியிருந்தது.

"தாஜ்மகாலை எங்கம்மா, துவைக்கப் போட்டிருக்கியா?"

"இப்ப இதுதான் ஸ்டைலு அண்ணாச்சி. உள்ள போய் நில்லுங்க."

பக்கவாட்டில் திரும்பித்தான் அவரால் நுழைய முடிந்தது. கூலிங் கிளாஸை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

"கைய எங்க வைக்க?"

"உங்களுக்குத் தோணுற எடத்துல."

தராசோ போனோ இல்லாத கையோடு அண்ணாச்சி எங்கும் நின்றதில்லை. இடுப்பில் வைத்தார், பீரோ இடித்தது. பின்னால் கட்டினார், சுவர் இடித்தது. கடைசியில் இரண்டையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, இனி என்ன என்பதுபோல் அவளைப் பார்த்தார். ஃபர்ஸானா கேமரா பொத்தானை அழுத்திவிட்டாள்.

படத்தைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. "இதை பேனர்ல போட்டா, ஆளைக் காணோம்னுல்லா நெனைப்பானுவ. அழிச்சிரு தாயி." போனில் இருந்த பழைய சிரிப்பையே பேனருக்கு அனுப்பினார்.

ஃபர்ஸானா அழிக்கவில்லை. ஆனால், திரையைத் திரும்ப மாட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் மனைவி மாடத்தி வந்தாள்.

"அவுக வேண்டாம்னுட்டு வந்த படத்தைக் காட்டு."

வெகுநேரம் பார்த்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படித்தான் இருந்தாவ. கைய எங்க வைக்கன்னு தெரியாம. பேனர்ல சிரிக்கது யாருன்னே எனக்குத் தெரியல. இதைப் பெருசாப் போட்டுக் குடு."

அண்ணாச்சியின் ஆட்சேபம் எடுபடவில்லை. படம் கல்லாவுக்கு மேலே ஏறியது. சாமான் வாங்க வந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ வாசலில் சவரம் செய்த முகங்களோடு கணவன்மார் வரிசை நின்றது.

"சிரிக்கச் சொல்லாத, அது அவுகளுக்கு வராது" என்று ஒருத்தி தன் வீட்டுக்காரரை உள்ளே தள்ளிவிட்டாள்.

வரிசையின் கடைசியில் நின்றவன் ஃபர்ஸானாவின் கணவன் பைசான்.

"நீங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"லைன் இருந்துச்சு, நின்னேன்" என்றான் பைசான்.