மீன்குளத்தில் நாலு நீச்சல்

1955 மார்ச் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து பெய்த தூறல் விட்டிருந்தது. தேயிலை மலைகளுக்கு மேலே மூடுபனி இன்னும் இறங்காமல் நின்றது. ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தின் மீன்குளக் கரையில், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியான நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரே அரைக்கால் சட்டையோடு, குளிருக்காக உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றவர், தொழிற்சாலையில் தேயிலையைப் பதப்படுத்தும் வேலையைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர். அவருக்கு வயது நாற்பத்தொன்று, எனக்கு இருபத்தேழு.

மலாயாவில் கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ஐந்தே முக்காலுக்குச் சங்கு ஊதும்; ஆறு மணிக்கு வாசல் அடைபடும். குளம் கம்பிக்கு வெளியே இருந்தது. வாசலுக்கு ஏற்றத்தில் பதினான்கு நிமிட நடை. குளத்து மீன் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் போராளிகளுக்கு உணவாகிவிடும் என்று சொல்லி, திங்கட்கிழமை காலையில் தண்ணீரைத் திறந்துவிட உத்தரவாகியிருந்தது. மலையில் நீந்துவதற்கு அவருக்கு வேறு தண்ணீர் கிடையாது.

அவர் பினாங்குக் கடலோரத்தில் பிறந்தவர். மூன்று நீச்சல் சிறு வயதிலேயே அவருக்குத் தெரியும். ரிங்லெட்டில் தமிழ் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் ரொட்டி சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளில் இருந்த படத்தில்தான் நாலாவதைப் பார்த்தார். இரண்டு கைகளையும் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே வீசி எழும்பும் வண்ணத்துப்பூச்சி நீச்சல் தனி வகையாகிவிட்டது, நான்கையும் ஒருவரே தொடர்ந்து நீந்துவது ஒரு போட்டி என்று படத்தின் கீழே போட்டிருந்தது. முதலில் வண்ணத்துப்பூச்சி, பிறகு மல்லாந்து, பிறகு தவளை, கடைசியில் குப்புற. குளத்தை நாலு முறை கடக்க வேண்டும். பதினொரு மாதமாக அவர் முயன்றார். ஒவ்வொரு முறையும் மூன்றாவது சுற்றில், தவளை நீச்சலில், மூச்சு முட்டிப் பாதியில் நின்றுவிடுவார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வேறு எவரும் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் அவருக்கு அது போதவில்லை.

கரையில் நின்று எண்ணுவது என் வேலை. "அண்ணே, முதல் சுற்றுக்கே இருபத்தொம்பது வீச்சு. சம்பளத்த வாங்குன அன்னைக்கே காலி பண்ற மாதிரியில்ல இருக்கு?" என்று ஒரு முறை கேட்டேன்.

"நீ கரையில நின்னு எண்ணு தம்பி. உள்ள வந்து பாரு, யாரு சம்பளம் போவுதுன்னு தெரியும்," என்றார்.

அன்று தண்ணீரில் இறங்கும்போது அவரே சொன்னார்: "இலைய அவசரமா வாட்டாதீங்கடா, உருட்டுறப்ப நொறுங்கிப்போவும்னு பசங்கள தினமும் திட்டுறேன். இங்க வந்து நானே அந்த வேலையத்தான் பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். இன்னைக்கு முதல் சுற்று வெறும் வாட்டல்தான் லா."

பாய்ந்தார். கைகள் விரிந்து விழுந்தன. விழுந்த பிறகு அவர் அவசரப்படவில்லை. தலை உள்ளே, உடம்பு நீளமாக, தண்ணீர் தானாகக் கொண்டுபோகும் வரை காத்திருந்தார். அத்தனை கனமான மனிதர் அடுத்த முறை எழுந்தபோது, குளம்தான் அவரைத் தூக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது. பத்தொன்பது வீச்சில் அக்கரைக் கல்லைத் தொட்டார். அவர் திரும்பும்போது மூடுபனி இறங்கி அக்கரையை மறைத்தது. மல்லாந்த நீச்சலில் கைகள் மாறி மாறி விழும் சத்தம் நெருங்கி வந்தது. என் காலடியில் கல்லைத் தொட்டுத் திரும்பி, மறுபடி வெண்மைக்குள் போய்விட்டார்.

தவளை நீச்சலுக்குச் சத்தம் கிடையாது. அவர் நீந்துகிறாரா, நின்றுவிட்டாரா, மூழ்குகிறாரா, எதுவும் தெரியவில்லை. அப்போது சங்கு ஊதியது. கைவசம் இருந்தது ஒரு நிமிடம். கூப்பிட்டால் அவர் வந்துவிடுவார். இருவரும் ஓடி உள்ளே போய்விடலாம். நேரம் தவறினால் வழக்கு, அதற்கு முன்னால் மூடுபனியில் ஒரு தோட்டாகூட வரலாம். வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் அந்த நீச்சல் இனி எந்த நாளும் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கரையில் இரண்டு உள்ளங்கைகள் ஒன்றாகக் கல்லில் அறைந்தன. மூன்று முடிந்தது.

பிறகு வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது? கண்ணுக்குத் தெரியாத ஒரு மனிதர், பதினொரு மாதம் எட்டாத இடத்தைக் கடந்து, பனியைக் கிழித்துக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்லைத் தொட்டுவிட்டு, ஏற முடியாமல் தொங்கிக்கொண்டு, "எத்தனை வீச்சு தம்பி? எத்தனை நிமிஷம்?" என்றார்.

"எண்ணல அண்ணே. கடிகாரத்தையும் பார்க்கல."

"கிராணி கணக்க விட்டுட்டான்!" என்று இருமல் வரும்வரை சிரித்தார்.

கால் நடுங்கியதால் அவரால் வேகமாக நடக்க முடியவில்லை; ஈர உடம்போடு என் தோளில் சாய்ந்தபடி வந்தார். ஆறு மணி தாண்டி ஒன்பது நிமிடம் கழித்து, கைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றோம். காவலர் மூடுபனிக்குள் டார்ச் அடித்து எங்கள் சட்டைப் பைகளைத் தடவினார்.

"ரெண்டு பேரு மேலயும் குளத்து வாடை அடிக்குது. மீன யாருக்குக் கொடுத்துட்டு வர்றீங்க?"

"மீனே நான்தான் லா," என்றார் டீமேக்கர். காவலருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். மறுநாள் குளம் வெறும் சேறாகக் கிடந்தது. அதன் ஓரமாகத் தொழிற்சாலைக்கு நடந்துபோன டீமேக்கர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது என் மகன் வீட்டுக்கு எதிரே ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. அங்கே வரும் நடுவயதுக்காரர்களின் மணிக்கட்டில் கட்டிய கருவியே வீச்சுகளை எண்ணிச் சொல்கிறது. கம்பிக்கு இப்பால் நின்று நானும் எண்ணிப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் கண்ட நீச்சல்களிலேயே பெரியதற்கு என்னிடம் எண்ணிக்கை இல்லை. அதற்கு ஆன செலவுக்கு மட்டும் இருக்கிறது. தாப்பா நீதிமன்றத்தில் அபராதம் இருபத்தைந்து வெள்ளி, போய்வர லாரிக்கு மூன்று வெள்ளி, பிடித்துக்கொண்ட ஒரு நாள் சம்பளம் இரண்டு வெள்ளி அறுபது காசு. ஆக மொத்தம் முப்பது வெள்ளி அறுபது காசு.