கட்டம் கட்டமாக வந்த மெசேஜ்கள்

கழுகுமலையில் எங்கள் தெருவிலிருக்கும் வெயிலுகந்தம்மாளுக்குச் சிறு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு மிஞ்சியது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழும் மிஞ்சியது. மற்றவர்கள் பேசுவதை வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். புருஷன் இறந்தபின் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தே மகள் முத்துசெல்வியை வளர்த்து, திருப்பூரில் கட்டிக்கொடுத்தாள்.

மகள் தமிழில் மெசேஜ் அனுப்புவாள். இவளுக்குப் பதில் எழுதத் தெரியாது. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ‘சரி’, இரண்டு கொடுத்தால் ‘வேண்டாம்’. அவர்களுக்குள் அப்படி ஒரு பேச்சு.

2008 தீபாவளிக்கு மருமகன் புது கலர் போன் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு போனார். புதுப் போனில் மகளின் மெசேஜ் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. மருமகன் கொடுத்ததைக் குறை சொல்லலாமா? மகளிடம்கூட மூச்சு விடவில்லை. கட்டம் வந்தால் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுவாள்.

தை மாதம் என்னிடம் வந்தாள்.

“ஏட்டி, இதுல தமிழ் வர வைக்க என்னமோ ஏத்தணுமாமே. நீ இங்கிலீசு படிச்சவதான, பாரேன்.”

போனோடு வந்த புத்தகம் இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. பாட்டு, கேமரா, விளையாட்டு எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. தமிழைப் பற்றி ஒரு வரி இல்லை. கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினோம். முதல் கடையில் நெட்டில் தேடச் சொன்னார்கள். அடுத்த கடையில் பையை வைக்கும் முன்பே, “அக்கா, புதுப்பாட்டு ஏத்தவா?” என்றார்கள்.

“செவிடிக்குப் பாட்டு ஏத்துதீகளோ?” என்று வெயிலுகந்தம்மாள் சிரித்தாள்.

மூன்றாவது கடை செண்பகராஜ் அண்ணாச்சியுடையது. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த செட்டுல தமிழ் ஏறாதுக்கா. மெசேஜ் பூரா சிம்முலதான் கெடக்கு. என் செட்டுல போட்டுப் பாப்போம்.”

அவர் போனில் எழுத்துகள் தெரிந்தன. கடைசியாக வந்ததுதான் மேலே இருந்தது. வெயிலுகந்தம்மாள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“சரிம்மா. நீ சொன்னபடி இங்கனயே இருக்கேன். இனிமே கேக்க மாட்டேன்.”

அதற்குக் கீழே: “தெனமும் குடிச்சிட்டு அடிக்காரும்மா. பொறுத்துக்கிட்டு இருக்கவா?”

அதற்கு அவள் ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுத்திருந்தாள்.

என் போனிலிருந்து முத்துசெல்வியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். மெல்லிய குரலில், “அம்மாவ அழ வேண்டாம்னு சொல்லுங்கக்கா. இப்பப் பழகிருச்சு,” என்றாள்.

வெயிலுகந்தம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

“பழகிருச்சாமா?” என்றாள். அவள் குரல் அவளுக்குக் கேட்காது. கடையிலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செண்பகராஜ் அண்ணாச்சியிடம் சிம்மைக்கூட அவள் திருப்பிக் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, திருப்பூர் பஸ் எங்கன நிக்கும்?”