ஆளைப் பார்க்காத சைக்கிள் கடை

வந்தவர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணையன் சைக்கிளைத் தள்ளிவந்து கையில் கொடுத்துவிடுகிறார். காற்று போதுமா என்று டயரை அழுத்திப் பார்க்கத் தவறுவதில்லை. ஆளைத்தான் பார்ப்பதில்லை.

திண்டிவனம் ரயில்வே கேட் அருகே வாடகை சைக்கிள் கடை. முன்பெல்லாம் தெரு, தகப்பன் பேர், மாமன் பேர் வரை விசாரித்து, தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிவந்தால்தான் வண்டி தருவாராம். அதற்குள் நடந்தே போய்விடலாம் என்று ஊரில் கேலி செய்வார்களாம். 1982இல் செஞ்சி ரோட்டில் லாரி இடித்து நெற்றி எலும்பு உடைந்தது. பிழைத்துக்கொண்டார். பேச்சு, ஞாபகம், பஞ்சர் ஒட்டும் கை எதுவும் கெடவில்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு சைக்கிள்களில் ஒன்பது போனவை போனவைதான்.

புதுச்சேரி டாக்டர் விளக்கினாராம்: நெற்றிக்குப் பின்னால் மூளையில் அடி. அறிவு போகவில்லை. தப்பான ஆளைக் கண்டால் நமக்கு உள்ளே சுருக்கென்று ஒன்று தடுக்குமே, அது இவருக்கு இனி வராது.

அவருக்கு வராததெல்லாம் சேர்த்து மனைவி கோவிந்தம்மாளுக்கு வருகிறது. களை எடுக்கப் போவதை விட்டுவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். யார் வந்தாலும் எழுந்து நின்று, புருஷன் கேட்ட பழைய கேள்விகளை இவர் கேட்கிறார். மிச்சமுள்ள மூன்றும் போனால் அடுப்பு எரியாது.

"ஞாயம் எல்லாம் கரெக்டா பேசிக்கினுதாங்க இருக்காரு. குடுக்கறப்ப மட்டும் ஒண்ணும் தோண மாட்டேங்குது. பெரிய பேஜாருங்க" என்றார், அவர்கள் கதையைக் கேட்க வந்திருந்த என்னிடம்.

அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் எனக்கு அந்தப் புத்தி வந்திருக்கக்கூடாது. இன்றைக்குத்தான் பார்த்த என்னைப் போன்றவனுக்குச் சைக்கிள் கொடுக்கலாமா என்று கண்ணையனைக் கேட்டேன்.

"அது எப்படிங்க? தெரிஞ்சவங்க யாரையாச்சும் இட்டுக்கினு வரணும்" என்றார் கண்டிப்பாக.

சரி, ஒரு சைக்கிள் வேண்டும் என்றேன். உடனே எழுந்து, டயரை அழுத்திப் பார்த்து, சிரித்த முகத்தோடு கொடுத்தார்.

திரும்பினால் கோவிந்தம்மாள். காலையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர், விழுப்புரத்தில் நான் குடியிருக்கும் தெரு வரை கேட்டுத் தெரிந்துகொண்டவர். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கேரியரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி, நான் ஸ்டாண்டைப் போட்டு ஒதுங்கி நின்ற பிறகும் பிடியை விடவில்லை.